வெள்ளையா, பச்சையா?

திருகோணமலை நகரம் இரு நீர்ப்பரப்புகளுக்கிடையே அமைந்தது. கிழக்கே டச்சுக்குடா, தென்மேற்கே, 1957 வரை பிரித்தானியக் கடற்படை தங்கியிருந்த உட்துறைமுகம். காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் ஞாயிற்றின் ஒளியை வீடுகளுக்குள் எறிகின்றன. ஆதலின் இங்கே ஓர் அறைக்கு நிறந் தெரிதல் வெறும் அலங்காரமன்று.

துறைமுகத்தருகே நாம் வாழும் வீட்டில், பிள்ளைகள் படிக்கும் அறைக்கு வெள்ளையா, கரும்பச்சையா என்ற வாதம் எழுந்தது. பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்றனர் பிள்ளைகள். உண்மையே, நீரை நோக்கிய சாளரத்தால் கோடையில் வரும் கண்கூசும் ஒளியை அது உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் ஐப்பசி பிறந்தால் வடகீழ்ப் பருவக்காற்று மழைமுகிலைக் கொணர்கிறது. பரீட்சைப் படிப்பும் அப்பொழுதுதான் மும்முரமாகிறது. புதிய வெள்ளைச் சுவர், தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்களவு திருப்பித் தரும். கரும்பச்சையோ 20 பங்கும் தராது. பகலிலேயே விளக்கேற்ற நேரும். அன்றியும், சுண்ணாம்பு பூசிய சுவர் தன் ஈரத்தை வெளியே விடும். எண்ணெய் வர்ணம் அதனை உள்ளே அடைத்துக் காலப்போக்கில் உரிந்து விழும்.

முடிவில் சுவருக்கு வெள்ளை, சாளரத்துக்குப் பச்சைத் திரைச்சீலை என்று இசைந்தோம். மழை நாளில் திரையை விலக்கலாம். சுவரை விலக்க இயலுமோ?