சான் பிரான்சிஸ்கோவுக்கு முந்தைய ஓராண்டு: சில குறிப்புகள்

1951 செப்டம்பர் 4 முதல் 8 வரை. ஜப்பானுடன் சமாதான உடன்படிக்கை செய்ய சான் பிரான்சிஸ்கோவில் கூடியவை, ஜப்பானையும் சேர்த்து 52 நாடுகள். அவரவர் கருத்தைப் பேசலாம், கையெழுத்திடலாம். வரைவில் கை வைக்க முடியாது. திருத்தங்களோடு வந்த சோவியத் பிரதிநிதி குரோமிக்கோ வெறுங்கையோடு திரும்பினார். பேரம் முழுக்க அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

*

அமெரிக்கா சார்பில் பேரத்தை நடத்தியவர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். 1919 பாரிஸ் மாநாட்டில் இழப்பீட்டு விவகாரத்தில் பணியாற்றிய இளம் வழக்கறிஞர். ஜெர்மனி மீது ஏற்றிய சுமை எங்கே போய் முடிந்தது என்பதைக் கண்ணால் கண்டவர். 1950 இறுதியில் ஏழு அம்சக் குறிப்பு ஒன்றை நேச நாடுகளிடம் சுற்றுக்கு விட்டார். பிறகு டோக்கியோ, மணிலா, கான்பெரா, லண்டன் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

*

கான்பெரா. டார்வின் துறைமுகத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்து ஒன்பது ஆண்டுகள்கூட நிறையவில்லை. ஜப்பானின் மறு ஆயுதமயத்துக்குத் தடை போடாத உடன்படிக்கையை எப்படி ஏற்பது? ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் பெர்சி ஸ்பெண்டர் அமெரிக்கப் பாதுகாப்பு உறுதியைக் கேட்டார், வாங்கியும் காட்டினார். அந்த உறுதியைத் தந்த ஆன்சஸ் ஒப்பந்தம் செப்டம்பர் 1 அன்று, மாநாட்டுக்கு மூன்று நாள் முன்பு கையெழுத்தானது.

*

மணிலா. 1945 சண்டையில் தரைமட்டமான நகரம். பிலிப்பைன்ஸ் அதிபர் கிரினோ இழப்பீடாகக் கேட்டது 800 கோடி டாலர். ஜப்பானால் கொடுக்க முடியாது என்றார் டல்லஸ். கடைசியில் உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, உழைப்பாகவும் சேவையாகவும் ஈடு செய்ய வழிவிட்டது. பிலிப்பைன்ஸ் கையெழுத்திட்டது, ஆனால் இழப்பீடு தனியாகப் பேசி முடிந்த 1956 வரை உறுதிப்படுத்தவில்லை. பிணங்களை எண்ணிய மக்களிடம் கடனாளியின் வரவு செலவைக் காட்டினால் மனம் ஆறுமா?

*

லண்டன், ஜூன் 1951. எந்தச் சீனாவை அழைப்பது? பிரிட்டன் அங்கீகரித்திருந்தது பெய்ஜிங்கை, அமெரிக்கா தைபேயை. இரண்டையுமே அழைப்பதில்லை, பிற்பாடு ஜப்பானே முடிவு செய்யட்டும் என்று டல்லஸும் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசனும் உடன்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில், தைபேயுடன்தான் உடன்படிக்கை செய்வோம் என்று ஜப்பானியப் பிரதமர் யோஷிதாவின் கடிதம் டல்லஸுக்குப் போனது. அதன் வரைவு டல்லஸ் தரப்பிலிருந்தே வந்தது. லண்டனுக்குக் கசந்ததில் வியப்பில்லை.

*

கொரியா. 1910 முதல் 35 ஆண்டுகள் ஜப்பானின் காலனி. தென் கொரியத் தூதர் யாங் யூ-சான் 1951 ஜூலையில் டல்லஸைச் சந்தித்தார். போரில் நேச நாடாக இருந்தவர்களுக்கு மட்டுமே கையெழுத்திடும் தகுதி என்று பதில் வந்தது. நாடே பறிபோயிருந்தவர்கள் எந்த அரசின் பெயரால் போர் அறிவித்திருக்க முடியும்?

*

காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் 1950 ஜனவரியிலேயே கொழும்பில் இந்த உடன்படிக்கையைப் பேசியிருந்தனர். இலங்கை சான் பிரான்சிஸ்கோ போனது, அதன் பிரதிநிதி ஜே.ஆர். ஜெயவர்த்தனா இழப்பீடு வேண்டாம் என்றார். இந்தியா போகவில்லை. ஜப்பானிய மண்ணில் அமெரிக்கப் படை தங்குவதற்கான ஏற்பாட்டை ஆட்சேபித்து, 1952 ஜூன் 9 அன்று தனி உடன்படிக்கை செய்துகொண்டது. அதிலும் இழப்பீட்டைக் கைவிட்டது.

*

ஆஸ்திரேலியாவின் அச்சம் காது கொடுத்துக் கேட்கப்பட்டது, தீர்வும் கிடைத்தது. விடுபட்டவர்களின் கணக்கு நீண்டுகொண்டே போனது. ஜப்பானுக்குத் தென் கொரியாவுடன் உறவு சீராக 1965 ஆயிற்று. பெய்ஜிங்குடன் 1972. ரஷ்யாவுடன் சமாதான உடன்படிக்கை இன்னும் இல்லை. போர் முடிந்து நண்பர்கள் கூடிப் பேசும்போது, அதிகம் அடிபட்டவர்களுக்கு முதல் அழைப்பு போக வேண்டும். அவர்களை விட்டுவிட்டு எழுதும் சமாதானத்தை அடுத்த தலைமுறை மறுபடி பேசித்தான் தீர வேண்டியிருக்கிறது.