சிறியது எது?

உலகத்துப் பொருள்களுள் பெரியவற்றைக் கண்டு வியத்தல் எளிது. சிறியவற்றைக் கண்டு வியத்தற்குச் சிறிது பயிற்சி வேண்டும். கடலையும் மலையையும் ஒருவர் சுட்டிக் காட்ட வேண்டுவதில்லை. கடுகையும் முத்தையும் காட்டுவார் வேண்டும். பரலோக இராச்சியத்திற்கு உவமை கூறப் புகுந்த நம் ஆண்டவரும் கடுகு விதையையும் விலையுயர்ந்த ஒரு முத்தையுமே எடுத்துக்கொண்டனர் என்பதை அன்பர் அறிவர். யாம் பிறந்து வளர்ந்த தூத்துக்குடியோ முத்தினாற் பெயர்பெற்ற துறை. ஆதலின் சிறியது எது என்னும் வினா எமக்குப் புதிதன்று. ஆயினும் அதற்கு நேர்மையாக விடை கூறுதல் எத்துணை அரிது என்பதைப் பிந்தியே அறிந்தோம். அறிந்தவாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

யாம் பத்தாம் வகுப்பிற் பயின்றபோது பள்ளியில் ஓர் அறிவியற் பொருட்காட்சி நடந்தது. மெல்லிய மரத்தகட்டால் ஒரு சாண் அகலச் சிறகுடைய வானூர்தி யொன்றைச் செய்து, அதனுள் ஒரு சிறு மின்பொறியையும் வைத்து, 'இப்பள்ளியின் மிகச் சிறிய வானூர்தி' என்று அட்டையில் எழுதி முன்னே நிறுத்தினோம். பார்த்தார் யாவரும் புகழ்ந்தனர். நண்பகலில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் சட்டைப் பையினின்றும் ஒரு பொருளை எடுத்தான். மூங்கிற் சீவலும் மெல்லிய தாளும் கொண்டு இயற்றிய ஊர்தி அது, உள்ளங்கையில் அடங்கியது. இரப்பர் நாடாவை முறுக்கி விட்டான். அறையின் ஒரு சுவரினின்று மறு சுவர்வரை பறந்து சென்று வீழ்ந்தது. நடுவர் எம்மை நோக்கினர். யாம் சிறிதும் தயங்காது, "அஃது இரப்பரால் பறப்பது, பொறியுடைய ஊர்திகளுள் எமதே சிறியது" என்றோம். 'பொறியுடைய' என்னுஞ் சொல் எம் அட்டையில் அதுகாறும் இல்லை. நடுவர் எம் கூற்றை ஏற்றனர். பரிசாக ஓர் அகராதி எமக்குக் கிடைத்தது. அச்சிறுவன் ஒன்றுங் கூறாமல் தன் ஊர்தியைப் பையில் இட்டுக்கொண்டு போயினான்.

வீட்டிற்கு வந்து தாத்தாவிடம் நடந்தவற்றைப் பெருமையோடு கூறினோம். தாத்தா தம் இளமையில், 1961 ஆம் ஆண்டு தூத்துக்குடியில் அரசினர் நடத்திய முத்துக்குளிப்பின்போது, ஒரு முத்து வணிகரிடம் ஏவற் சிறுவராக இருந்தவர். அதன்பின் அத்தகைய பெருங்குளிப்பு இக்கடலில் நடைபெறவில்லை. அவர் மறுமொழி கூறாது, பழம்பெட்டியினின்று ஒரு பித்தளைச் சல்லடையை எடுத்து எம் முன் வைத்தனர்.

முத்தைத் தரம் பிரிக்கும் முறையை அன்றே யாம் முதன்முதற் கேட்டோம். பத்துச் சல்லடைகள் உண்டு. அவை ஒரே அளவின. கண்களின் தொகையே வேறு. முதலாவதற்கு 20 கண்கள்; பின்னர் 30, 50, 80, 100, 200, 400, 600, 800 என்று ஏறி, இறுதிச் சல்லடைக்கு 1000 கண்கள். கண்கள் பெருகப் பெருக ஒவ்வொரு கண்ணும் சிறுகும். முதற் சல்லடையில் தங்குவது பெருமுத்து. ஆயிரங் கண்ணிலும் தங்காது கீழே வீழ்வது தூள். பருமை கண்டபின்னரே உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணி முதலிய தரங்களாகப் பகுப்பர். அதன்பின் நிறுப்பர். நிறுத்த எடைக்கு விலை நேரே ஏறுவதன்று. எடையின் வர்க்கத்தைக் கொண்டு செவ்வு என்னுங் கணக்கால் மதிப்பர். ஆகவே ஒரு முத்தினைச் சிறிது என்றால், எந்தச் சல்லடையில் சிறிது, எந்தத் தரத்தில் சிறிது, எடையிலா பருமையிலா என்று வணிகர் வினவுவர். இவையெல்லாங் கூறியபின் தாத்தா ஒன்று சொன்னார். அவர் வாய்மொழியாகவே அதனை எழுதுகின்றோம்: "முத்தைப் பாத்த பெறகு சல்லடைய மாத்தக்கூடாதுடே." எம் முகத்தை அவர் நோக்கவில்லை. அகராதியை யாம் அலமாரியின் பின்புறத்தில் வைத்தோம்.

ஆண்டுகள் சில சென்றபின், உலகின் மிகச் சிறிய ஜெட் விமானம் எது என்று ஒருநாள் ஆராயப் புகுந்தபோது அச்சல்லடை மீண்டும் எம் நினைவிற்கு வந்தது. அமெரிக்கராகிய ஜிம் பீடி என்பார் வீட்டிலேயே கட்டிக்கொள்ளத்தக்க பிடி-5 என்னும் சிற்றூர்தியை அமைத்தனர். அது 1971 இல் முதன்முதற் பறந்தது. அதன் ஜெட் வகையாகிய பிடி-5ஜே என்பதன் சிறகு முனைக்கு முனை 17 அடியே. அதிற் பொருத்திய பிரெஞ்சுப் பொறி ஏறத்தாழ 90 கிலோ எடைக்கு நிகரான உந்துவிசை தருவது. அவ்வகை ஊர்திகளுள் ஒன்று 358.8 பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 163 கிலோ எடையுடையதாய், 2004 இல் உலகின் மிகச் சிறிய ஜெட் விமானம் எனக் கின்னஸ் பதிவு பெற்றது. ஈண்டு அளவுகோல் எடையே.

இனிப் பிரான்சு நாட்டு மிசெல் கொலொம்பான் என்பார் தம் மகளின் செல்லப் பெயரால் கிரி-கிரி என்று ஒரு வானூர்தி இயற்றினர். 1973 இல் பறந்த அது இரண்டு பொறிகளை உடையது, சிறகு 4.9 மீட்டர், ஆளில்லாத எடை 78 கிலோவே. தன்னினும் மிக்க பாரத்தைத் தாங்கி எழும் ஆற்றல் அதற்கு உண்டு. பின்னர்ச் சிலர் அதன் சுழலிகளை நீக்கி, மாதிரி விமானங்களுக்குரிய சிறு ஜெட் பொறிகள் இரண்டினைப் பொருத்திப் பறந்தனர். அவ்வாறாயின் பிடி-5ஜேயோ, ஜெட் பூண்ட கிரி-கிரியோ சிறியது? ஜெட்டிற்கென்றே பிறந்ததைத்தான் எண்ணுவதா, பின்னர் மாற்றியதையும் எண்ணுவதா? ஒரு பொறியும் இரு பொறியும் ஒரே சல்லடையில் இடத்தக்கனவா? ஜெட்டினை விடுத்து நோக்கினும் வழக்குத் தீர்வதில்லை. 1984 இல் பறந்த பேபி பேர்ட் என்பது ஒற்றைச் சிறகடுக்கு உடையவற்றுள் சிறியது. 1988 இல் பறந்த பம்பிள் பீ இரண்டு என்பது ஐந்தரையடிச் சிறகோடு இரட்டை அடுக்கு உடையவற்றுள் சிறியது. ஆயினும் நிறுத்துப் பார்ப்பின், பேபி பேர்ட் 252 பவுண்டு; சிறகு குறுகிய பம்பிள் பீயோ 396 பவுண்டு! ஒன்று எடையில் வென்றது. மற்றொன்று அகலத்தில் வென்றது.

இவற்றைப் படிக்குந்தோறும் நகைப்பு வரும். ஆயின் நகைக்கத்தகாததும் ஒன்று உண்டு. ஊர்தியைச் சுருக்கலாம், ஊர்பவனைச் சுருக்க இயலாது. சிறகு குறுகினால் அதே பாரத்தைத் தாங்குதற்கு மிகுந்த விரைவு வேண்டும். எழும்போதும் இறங்கும்போதும் விரைவு குறையின் ஊர்தி வீழும். ஜெட் பொறியையும் மனம்போற் சிறிதாக்கல் ஆகாது. சுழலும் தகடுகளுக்கும் உறைக்கும் இடைப்பட்ட வெளி அந்த அளவிற்குச் சுருங்காமையால், தரும் உந்துவிசையின் அளவோடு ஒப்பிடின் சிறு பொறி பெரும் பொறியினும் மிகுதியாக எண்ணெய் குடிக்கும். பிடி-5 ஊர்திகளைத் தம் கையாற் கட்டினோர் பலர் முதற் பறப்பிலேயே இடருற்றனர், உயிரிழந்தாரும் உளர். பம்பிள் பீ இரண்டு 1988 மே மாதத்தில் 400 அடி உயரத்தில் பொறி நின்று வீழ்ந்து அழிந்தது. ஓட்டியவர் பெருங்காயமுற்று உயிர் தப்பினர். சிறியது என்னும் பெயர் விலையின்றிக் கிடைப்பதன்று.

தம் கையாலே வானூர்தி கட்டும் வேட்கை நம் நாட்டிற்கும் புதிதன்று. சென்னையில் உணவு விடுதி நடத்திய கார்சிகா தீவினராகிய தாஞ்செலி என்பார், வண்டி கட்டும் சிம்சன் நிறுவனத்தாரின் துணையால் ஓர் ஊர்தி செய்வித்து, 1910 இல் பல்லாவரத்திற் பறந்தனர். அலகாபாத்தில் வானஞ்சல் பறந்த 1911 ஆம் ஆண்டிற்கும் அது முந்தியது. நம் காலத்தில், கரூர் மாவட்டத்துப் பள்ளப்பட்டி இளைஞர் ஒருவரும் அவர் தோழரும் கலாம்சாட் என்று 64 கிராம் எடையில் ஒரு கருவி செய்தனர். 3.8 சென்டிமீட்டர்க் கனசதுரமாகிய அது 2017 சூன் 22 இல் அமெரிக்காவின் வாலப்சு தீவிலிருந்து ஏவப்பெற்றது. உலகின் மிகச் சிறிய செயற்கைக்கோள் என நாளிதழ்கள் புகழ்ந்தன. அது சென்ற ஏவூர்தி விண்ணின் விளிம்பைத் தொட்டு மீள்வது. புவியைச் சுற்றிவருவது அன்று. சுற்றி வருவதையே கோள் என்று கொள்வோர்க்கு அது வேறு சல்லடையிற் சேர்வது. இங்ஙனங் கூறுதல் அவ்விளைஞர் பெருமையைக் குறைப்பதாகாது. 64 கிராமிற்குள் அவர் அடக்கிய அறிவு எந்தச் சல்லடையிலும் தங்கும். பெயரைச் செம்மையாகச் சொல்லுதலே அவ்வறிவிற்கு நாம் செய்யும் மரியாதை. இன்று எம் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் சிறு ஏவூர்திகளுக்கென்றே ஓர் ஏவுதளம் எழுகின்றது; 2024 பிப்பிரவரியில் அதற்கு அடிக்கல் நாட்டினர். சிறியது எது என்னும் வினா இனி இக்கரையிற் பலகாலும் எழும்.

இத்துணையும் எழுதியபின் எம்மையே யாம் நோக்கினோம். எடையால் வென்றோரும் சிறகால் வென்றோரும் தம் அளவுகோலை வெளிப்படக் கூறினர். அதனாற் பிறர் அவரோடு வழக்காட முடிந்தது. யாம் செய்ததோ வேறு. தோற்றபின் அளவுகோலைப் படைத்தோம். கடந்த கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் அகராதியை எடுத்துக்கொண்டு அச்சிறுவன் வீட்டைத் தேடிச் சென்றோம். சிறுவன் என்றோம், இப்பொழுது எம்மினும் உயரமாக இருந்தான். மீன்பிடித் துறைமுகத்தில் படகுப் பொறிகளைப் பழுதுபார்க்குந் தந்தைக்கு மாலையிற் துணைசெய்கின்றான். வந்த காரணத்தைக் கூறினோம். அவன் சிறிது நேரம் பேசாதிருந்து, "நான் மறந்துட்டேன்னு நெனச்சீங்களாண்ணே?" என்றான். அவ்வொரு சொல்லே எமக்குப் போதுமானதாயிற்று. அகராதியைப் பெற்றுக்கொண்டான். அதன் முதற் பக்கத்தில் எழுதியிருந்த எம் பெயரை அடிக்கவில்லை. அதன் கீழே தன் பெயரையும் எழுதினான்.

வீடு திரும்பித் தாத்தாவிடம் சொன்னோம். அவர் சல்லடையைத் துடைத்துப் பெட்டியுள் வைக்கச் சொன்னார், வேறொன்றுங் கூறவில்லை.

நண்பர்களே, கல்லூரியை விட்டு நாம் செல்லும் உலகம் 'முதலாவது', 'பெரியது', 'சிறியது' என்னும் அட்டைகள் நிறைந்தது. அவ்வட்டைகளை எழுதுதல் குற்றமன்று. எழுதுமுன் எந்தச் சல்லடையில் என்பதையும் உடன் எழுதுவோமாக. நம்மினும் சிறியதைக் கையில் ஏந்தி ஒருவன் வருவானாயின், சல்லடையை மாற்றாது அவனுக்கு இடம் விடுவோமாக.