பவளத்தின் மேல் ஊன்றிய கால்



அடுத்த சுற்றுலா காட்டுக்கா, கடலுக்கா என்று நம் வாலிபர் ஐக்கியத்தில் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். இரண்டும் சேர்ந்தே இருக்கிற ஓர் இடத்துக்கு நான் போயிருக்கிறேன். அங்கே செய்த ஒரு தவறையும் மறைக்காமல் சொல்கிறேன்.

2019 பிப்ரவரியில் உடன் வேலை செய்யும் நர்ஸ்மார் எட்டுப் பேராக யாங்கோனிலிருந்து கவ்தாங்வரை விமானத்தில் போய், வழிகாட்டியோடு படகு ஏறினோம். மெய்க் தீவுக்கூட்டத்தில் 800 தீவுகள் இருக்கும். அவற்றில் லம்பி தீவு 1996இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். அதனால் கோடையிலும் பனிக்காலத்திலும்தான் சுற்றுலாப் படகுகள் போகும்.

காலையில் காட்டுக்குள் நடந்தோம். தின்கன்ஜூன் தெருவில் மின்கம்பிக்காகக் கிளை வெட்டிய மரங்களையே பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே அண்ணாந்து பார்த்தால் மரத்தின் உச்சி தெரியவில்லை. கரையோரத்துச் சேற்றில் அலையாத்தி மரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு நின்றன. "மேலே காட்டை வெட்டினால் மழையில் மண் கரைந்து கடலுக்குப் போய்ப் பவளத்தை மூடிவிடும். வருகிற சேற்றை இந்த மரங்கள்தான் பிடித்து வைக்கின்றன" என்றார் வழிகாட்டி. உடம்புக்குச் சிறுநீரகம் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் கடலில் இறங்குமுன் மூன்று விஷயம் சொன்னார்: எதையும் தொடாதீர்கள், கால் ஊன்றாதீர்கள், பயம் வந்தால் கையைத் தூக்குங்கள். தலையாட்டினேன். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. கையைத் தூக்கவில்லை, காலை ஊன்றினேன். காலடியில் ஏதோ மளுக்கென்று முறிந்தது. முழங்காலிலும் சிராய்ப்பு.

படகில் ஏறிக் காயத்தைச் சோப்பு போட்டு, நல்ல தண்ணீர் விட்டு, துகள் இல்லாமல் கழுவினேன். பவளம் கிழித்த காயம் சீக்கிரம் சீழ் பிடிக்கும். "கல்தானே, தம்பி?" என்று கேட்டேன். "இல்லை சயாமா, உயிர். சின்னஞ்சிறு பிராணிகள் கூடிக் கட்டின வீடு. கிளைப் பவளம் வருஷத்துக்குச் சில அங்குலம் வளரும். உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு விரற்கடைகூட வளராது" என்றார். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் எத்தனை பேரை நான் நிறுத்தியிருக்கிறேன்! "ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன், சிஸ்டர்" என்பார்கள். கை கழுவாமல் உள்ளே விடமாட்டேன். அந்தக் கடலில் நானும் அதே பார்வையாளராகத்தான் இருந்தேன்.

அந்தத் தீவுகளில் மோக்கன் என்னும் கடல் மக்கள் வாழ்கிறார்கள். பர்மியர் அவர்களைச் சலோன் என்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, தாய்லாந்து பக்கத்து சுரின் தீவுகளில், கடல் உள்வாங்கியதைக் கண்ட மோக்கன் பெரியவர்கள் ஆபத்தை உணர்ந்தார்கள். அவர்கள் சொல்லைக் கேட்டு மேட்டுக்கு ஓடியவர்கள் சுனாமிக்குத் தப்பினார்கள். இடத்தை அறிந்தவரின் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

என் முழங்கால் பத்து நாளில் ஆறிவிட்டது. நான் முறித்த கிளை எப்படி இருக்கிறதோ!

ஏதேன் தோட்டத்தில் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட வேலையில் காப்பதும் ஒன்று. காலம் கூடி வரும்போது நீங்களும் போய் வாருங்கள். சிறு கூட்டமாக, நல்ல வழிகாட்டியோடு போங்கள். அவர் சொல்லும்போது தலையை மட்டும் ஆட்டாதீர்கள்; பயந்தால் கையைத் தூக்குங்கள்.

உங்கள் அக்கா