ஓடாத கார்தான் விலை போகும்!

கல்லூரியில் என் பக்கத்து சீட் நண்பன். பி.காம். பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதி, என்னைவிட இரண்டு மார்க் கூட வாங்கியவன். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். வேலை பார்த்த கம்பெனி கணக்கு முடித்து அனுப்பிவிட்டது. கையில் இருபது லட்சம். மகள் ப்ளஸ் டூ.

“ஒரு முதலீடு பண்ணப்போறேன்டா” என்றான்.

நிலமா, தங்கமா, மியூச்சுவல் ஃபண்டா?

“போலோ ஜி.டி.ஐ.!”

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். தேய்மானம் பாடம் நடத்தும்போது எங்கள் வாத்தியார் சொன்ன முதல் உதாரணமே கார்தான். ஷோரூம் வாசலைத் தாண்டிய நிமிஷமே விலை இறங்குகிற சமாச்சாரம். அதைப் போய் யாராவது முதலீடு என்பார்களா?

ஆனால், பயல் ஹோம்வொர்க் பண்ணிவிட்டுத்தான் வந்திருந்தான். ‘ஹாட் ஹேட்ச்’ என்று ஒரு ரகம் உண்டு. பார்த்தால் காய்கறி வாங்கப் போகிற சின்ன கார். உள்ளே இருக்கும் என்ஜின் மட்டும் பந்தயக் குதிரை. போலோ ஜி.டி.ஐ. அந்த ரகம். 1.8 லிட்டர் டர்போ, 192 குதிரைசக்தி. 2016-ல் இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது வெறும் 99 கார்கள்.

“இனிமே எல்லாம் எலெக்ட்ரிக். இந்த மாதிரி பெட்ரோல் வண்டி வரவே வராது. 2020-ல வந்த டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ் பிரிட்டன்ல செகண்ட் ஹேண்டே புது வண்டி விலைக்குப் போச்சு. பத்து வருஷம் மூடி வச்சா டபுள்! உன் ஆர்.எக்ஸ். 100-ஐ நீ வித்த மாதிரி நானும் ஏமாற மாட்டேன்.”

அடிமடியில் கை வைத்துவிட்டான். 2002-ல் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு அந்த பைக்கைத் தள்ளிவிட்டவன் நான். இன்று நல்ல கண்டிஷனில் உள்ளதற்கு ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கால்குலேட்டரைத் தேடி எடுத்தேன்.

இந்த ரகத்தின் ராஜாவிடமிருந்தே ஆரம்பித்தேன். ஃபோர்டு சியரா ஆர்.எஸ். 500 காஸ்வொர்த். பந்தய விதிக்காக 1987-ல் 500 மட்டுமே செய்தார்கள். புதுசில் சுமார் 20,000 பவுண்ட். 2023-ல் பிரிட்டனில் நடந்த ஏலத்தில் அதில் ஒன்று 5,96,250 பவுண்டுக்குப் போனது. முப்பது மடங்கு! எனக்கே கை அரித்தது.

கூட்டு வட்டி போட்டுப் பார்த்தேன். 36 வருஷத்துக்கு, ஆண்டுக்குப் பத்து சதவீதம்கூட முழுசாக வரவில்லை. அதுவும் இன்ஷூரன்ஸ், ஷெட், மெக்கானிக் எதையும் கழிக்காமல். நாடும் நாணயமும் வேறுதான். இருந்தாலும் சொல்கிறேன், நம்மூர் பி.பி.எஃப். அதே 1987-ல் 12 சதவீதம் கொடுத்தது. ஷெட்டும் கேட்கவில்லை, பெட்ரோலும் கேட்கவில்லை.

அடுத்து அந்த காரின் மீட்டர். 36 வருஷத்தில் ஓடியது 5,192 மைல். வருஷத்துக்கு 230 கிலோமீட்டர் சொச்சம். சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போய்த் திரும்பினாலே 300 ஆகிவிடும்! பறப்பதற்கென்றே செய்த காரை, பறக்க விடாமல் வைத்திருந்தால்தான் அந்த விலை.

அப்புறம், ‘லிமிடெட் எடிஷன்’ என்கிற மந்திரம். 1993-ல் ரெனோ கம்பெனி கிளியோ வில்லியம்ஸ் காரை 3,800 மட்டும் என்று நம்பர் போட்டு விற்க ஆரம்பித்தது. கூட்டம் அள்ளியது. கடைசியில் செய்தது 12,000-க்கு மேல்! முதலில் வாங்கியவர்கள் முகத்தை நினைத்துப் பாருங்கள். போலோ ஜி.டி.ஐ.யும் சுமார் 26 லட்சத்துக்கு வந்து, பிறகு 20 லட்சத்துக்குக் கீழே இறங்கிய வண்டிதான். ‘இனிமே வரவே வராது’ என்றானே... 2025-ல் அதன் அண்ணன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 53 லட்சத்துக்கு இங்கே வந்து, முதல் 150 கார்களும் விற்றுத் தீர்ந்தன.

ஆர்.எக்ஸ். 100 ஏன் விலை ஏறியது? அதை யாரும் பாதுகாக்கவில்லை. ஓட்டினோம், விழுந்தோம், காயலான் கடைக்குப் போட்டோம். மிஞ்சிய கொஞ்சத்துக்குத்தான் இந்த விலை. எண்பதுகளின் பீஜோ 205 ஜி.டி.ஐ.க்கு ஐரோப்பாவில் நடந்ததும் அதேதான். இன்றைக்கோ, வாங்கிய நாளிலேயே ‘நாளைய பொக்கிஷம்’ என்று போர்வை போர்த்திவிடுகிறார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தினால், அபூர்வம் எங்கிருந்து வரும்?

போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். “நம்ம சட்டப்படி 50 வருஷம் ஆனாதான் விண்டேஜ். 2066-ல உனக்கு எண்பத்தெட்டு வயசுடா!”

“வண்டியை வந்து பாரு, அப்புறம் பேசு.”

போனோம். அண்ணாநகரில் ஒரு வீடு. ஓனர் உறையை விலக்கினார். ஒரு கீறல் இல்லை. ஆறாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. நண்பன் ஆசையாக, “ஒரு ரவுண்டு போலாமா சார்?” என்றான்.

அவர் தயங்கினார். “தெருமுனை வரைக்கும் போதும் சார். கிலோமீட்டர் ஏறினா விலை இறங்கிடும். நானே ஓட்டி ஆறு மாசமாச்சு. வாரத்துக்கு ஒருநாள் ஸ்டார்ட் மட்டும் பண்ணி, பக்கத்துல உட்கார்ந்து சத்தம் கேட்பேன்.”

தெருமுனை வரை போய்த் திரும்பினோம். டீக்கடையில் நண்பன் ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில், “பாவம்டா” என்றான்.

“யாரு... காரா, அவரா?”

பதில் இல்லை.

பதினேழு லட்சத்தை மகள் படிப்புக்கென்று டெபாசிட் போட்டுவிட்டான். மிச்சம் மூன்றில், நன்றாக அடிபட்டு ஓடிய சாதாரண போலோ ஒன்று வாங்கியிருக்கிறான். கதவில் கீறல்கூட இருக்கிறது. போன ஞாயிறு அதில் பாண்டிச்சேரி போய்வந்தோம். மீட்டரில் முந்நூறு ஏறியது.

விலை எவ்வளவு இறங்கியதோ, இருவருமே கணக்குப் பார்க்கவில்லை.