கைவிளக்கு ஒன்று வாங்கினேன்

எங்கள் பங்கு இல்லத்தில் ஆடம்பரப் பொருள் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று உண்டு. அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு சாண் நீளம்கூட இல்லை. கறுப்பு அலுமினிய உடல். கல்லின்மேல் விழுந்தாலும் உடைவதில்லை, மழையில் நனைந்தாலும் அணைவதில்லை. எல்.இ.டி. டார்ச் விளக்கு. அதை வாங்கிய கதையையும் அதனால் விளைந்த துன்பத்தையும் எழுதும்படி எவரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே எழுதுகிறேன். இத்தகைய விளக்குகள் இப்பொழுது பல குடும்பங்களில் புகுந்துவிட்டன. என்னைப் போன்ற பிழையை வேறு சிலரும் செய்யக்கூடும்.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் ஊரில் டார்ச் விளக்கு வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். என் பாட்டனாரிடம் மூன்று கட்டை டார்ச் ஒன்று இருந்தது. இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சச் செல்கையில் அதைத் தோளில் துண்டைப் போல் சாய்த்துக்கொண்டு போவார். கட்டைகள் வலுவிழந்தால் ஓட்டின்மேல் வெயிலில் காய வைப்பார். இரண்டொரு நாள் மீண்டும் உயிர் வரும். எடுக்க மறந்து உள்ளேயே விட்டுவிட்டால், கட்டை கசிந்து உப்புப் பூத்துக் குழாயையே அரித்துவிடும். தவறிக் கீழே விழுந்தாலோ பல்பு போயிற்று. அதனுள் ஒளிர்ந்தது மயிரிழை போன்ற டங்ஸ்டன் கம்பி அல்லவா? ஆகவே அந்த விளக்கைத் தொடக் குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது. தொட்டதற்காக நான் அடி வாங்கியதும் உண்டு.

இன்றைய விளக்கில் அந்தக் கம்பியே இல்லை. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு ஒளியைத் தரும் குறைகடத்தியை அமெரிக்கரான நிக் ஹோலோன்யாக் 1962இல் உருவாக்கினார். ஆயினும் பிரகாசமான நீல ஒளிக்காக உலகம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா என்னும் ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சளாய் ஒளிரும் பொருளைப் பூசிவிட்டால், நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றுகிறது. உடைவதற்குக் கம்பியுமில்லை, கண்ணாடிக் குமிழுமில்லை. இவ்விளக்கின் முரட்டுத்தனத்திற்கு இதுவே அடிப்படை.

2017ஆம் ஆண்டில் ஆனைமலைத் தொடரில் உள்ள தேயிலைத் தோட்டப் பங்கு ஒன்றிற்கு மாற்றலாகி வந்தேன். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்பால் தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடக்கும் தொழிலாளர் லைன் வீடுகள். தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் மின்சாரம் எப்பொழுது வரும், எப்பொழுது போகும் என்று சொல்வதற்கில்லை. யானைகளோ சொல்லிக்கொண்டு வருவதில்லை. அவை அருகில் நடமாடுவதை மக்களுக்கு அறிவிக்க, கைப்பேசி வழியாக இயக்கப்படும் சிவப்பு விளக்குகள் இப்பகுதியில் நிறுவப்பட்டன. அம்முயற்சிக்காக ஆனந்த குமார் என்னும் ஆய்வாளர் 2015இல் விட்லி விருது பெற்றார். சிவப்பு விளக்கு மின்னினால் அவ்வழியே போகாமல் காத்திருக்கலாம். ஆனால் நள்ளிரவில் ‘அவஸ்தை’ என்று ஆள் வந்து கதவைத் தட்டினால் குருவானவர் விடியும்வரை காத்திருக்க இயலுமா?

இக்காரணத்தைச் சொல்லித்தான் அந்த விளக்கை வாங்கினேன். காரணம் உண்மையே. ஆயினும் மூவாயிரம் லூமென் எனக்குத் தேவைப்பட்டதா என்று கேட்டால், நேர்மையாக விடை கூறுவது கடினம்.

பெட்டியைப் பிரித்த அன்று குருமடத்தில் இலத்தீன் கற்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. லூமென், கண்டேலா, லக்ஸ் என அட்டையில் மூன்று இலத்தீன் சொற்கள்! ‘லூமென் ஜென்சியும்’ என்று தொடங்கும் சங்க ஏட்டைப் படித்துத் தேர்வு எழுதியவனுக்கு, அதே சொல் டார்ச் விளக்கின் அட்டையில் இருப்பதைக் கண்டு சிரிப்பு வராமல் என்ன செய்யும்? விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிப்படும் மொத்த ஒளி லூமென். ஒரு திசையில் அது எவ்வளவு செறிவாய்ப் பாய்கிறது என்பது கண்டேலா. போய் விழும் இடத்தில் கிடைக்கும் ஒளி லக்ஸ். கடைக்காரர்கள் லூமெனை மட்டுமே உரக்கக் கூவுகின்றனர். நெடுந்தொலைவு பார்க்க விரும்புகிறவர் கவனிக்க வேண்டியதோ கண்டேலா. ‘400 மீட்டர்’ என்று அச்சிட்டிருந்தால், அத்தொலைவில் நிற்பவரின் முகம் தெரியும் என்று எண்ணிவிடலாகாது. அங்கே விழுவது கால் லக்ஸ், அதாவது முழுநிலவின் ஒளியளவே. தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம்.

மூவாயிரம் லூமென் என்பதும் சிறிது நேரத்திற்குத்தான். நாற்பது வாட் பழைய பல்புகள் ஆறேழு சேர்ந்து தரும் ஒளியை விரற்பருமனுள்ள ஒரே மின்கலம் தர வேண்டுமென்றால் உடல் கொதிக்கத்தானே செய்யும்? இரண்டு நிமிடத்திற்குள் கை பொறுக்காத சூடு. உடனே விளக்கு தானாகவே ஒளியைத் தாழ்த்திக்கொள்கிறது. உள்ளேயிருக்கும் லித்தியம் மின்கலத்திற்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அதன் பொருள். இத்தனையும் மனப்பாடமாக அறிந்திருந்தேன். இளைஞர் கூட்டம் முடிந்த பின் பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தி, எதிர் மலைச்சரிவில் உள்ள மரத்தை ஒளியால் தொட்டுக் காட்டுவேன். அவர்கள் ஆரவாரம் செய்வார்கள். அதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

2021, ஜூலை மாதம். இரவு பதினொரு மணி இருக்கும். கீழ்த் தோட்டத்தில் மூதாட்டி ஒருவர் இறுதி நிலையில் இருப்பதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. நற்கருணையையும் எண்ணெய்ச் சிமிழையும் எடுத்துக்கொண்டு, மழையங்கி அணிந்து, தனியே புறப்பட்டேன். லைன் வீடுகளுக்கு இறங்கக் கற்படிகள் உண்டு. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ஆழமான மழைநீர்க் கால்வாய். மூடுபனி. பனியில் விளக்கை உயர்த்திப் பிடித்தால் ஒளி நம் முகத்திற்கே திரும்பி வெண்சுவராய் நிற்கும். அதனால் இடுப்பளவில் பிடித்து நடந்தேன். கீழே ஏதோ அசைவது தெரிந்தது. கறுப்பாக, குனிந்து, மெல்ல ஏறி வந்தது.

கரடியோ என்று ஐயுற்றேன். பொத்தானை அழுத்தி முழு ஒளியையும் அதன்மீது பாய்ச்சினேன். விலங்குகள் பலவற்றின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. இருளில் அவை கங்குபோல் மின்னும். மனிதக் கண் மின்னாது. கண் மின்னுகிறதா என்று பார்ப்பதற்காகவே விளக்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். கறுப்புருவம் தலை நிமிர்ந்தது. கம்பளி போர்த்திய மனிதர். எங்கள் உபதேசியார்.

அவருக்கு அப்பொழுது எழுபத்திரண்டு வயது. நான் தனியே வருவேன் என்று கேள்வியுற்று, வழித்துணைக்காக ஏறி வந்தவர். கையில் விளக்கில்லை, அறுபது ஆண்டுகளாக அப்படிகளை அறிந்த கால்கள் அவருடையவை. ஒளி பட்டதும் கையை உயர்த்தி முகத்தை மறைத்தார். ஓரடி பக்கவாட்டில் வைத்தார். அங்கே படி இல்லை.

இருளுக்குப் பழகிய கண் அந்நிலையை அடைய இருபது முப்பது நிமிடங்கள் ஆகின்றன. அதைக் கெடுக்க ஒரு நொடி போதும். முதியவர்களுக்கோ கண் மீண்டும் தேறுவது இன்னும் தாமதம். புரை விழுந்த கண்ணில் ஒளி சிதறிப் பரவி எதையுமே காட்டாது. இவற்றையெல்லாம் நான் பின்னர்தான் படித்தேன். விளக்கைப் பற்றி அத்தனை செய்திகளைத் திரட்டியவன், அது யார் கண்ணில் படுமோ அந்தக் கண்ணைப் பற்றி ஒரு வரியும் அதுவரை படித்ததில்லை.

கால்வாயில் இறங்கி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கூவிய குரல் கேட்டு லைனிலிருந்து ஆட்கள் ஓடி வந்தனர். கம்பளியைத் தூளியாக்கி அவரைத் தூக்கும்போது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, “சாமி, நீங்க போங்க. பாட்டி காத்துக்கிட்டு இருக்கும்,” என்றார். போனேன். அந்த வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் நோயில் பூசுதல் கொடுத்தேன். என் விளக்கைப் பையிலிருந்து எடுக்கவில்லை. மூதாட்டி விடியற்காலையில் கண் மூடினார்.

உபதேசியாருக்கு இடுப்பெலும்பு முறிவு. அத்தனை வளைவுகளிலும் வண்டி திரும்பும்போதெல்லாம் அவர் என் கையைப் பற்றிக்கொண்டிருந்தார். பொள்ளாச்சியில் அறுவை நடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும், “படியில பாசி, வழுக்கிடுச்சு,” என்று சொன்னார். அருகில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. மருத்துவரிடம் அப்படித்தான் சொன்னார். தோட்டத்து மேலாளரிடமும் அப்படித்தான். ஞாயிறு திருப்பலியில் அவருக்காக மன்றாடும்படி மக்களைக் கேட்டபொழுது, “வழுக்கி விழுந்த நம் உபதேசியார்” என்று நானே சொன்னேன். அச்சொல்லை இன்று எழுதுகையிலும் கை கூசுகிறது.

மூன்று வாரம் சென்றபின், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவருடைய மனைவியாரிடம் நடந்ததைக் கூறினேன். அந்த அம்மையார் கஞ்சிப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, “தெரியும் சாமி. அன்னிக்கு ராத்திரியே சொல்லிட்டாரு. உங்களுக்கு மனசு சங்கடப்படும்னு வெளிய சொல்ல வேணாம்னாரு,” என்றார். அடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று உண்மையைச் சொன்னேன். எவரும் ஒன்றும் பேசவில்லை. முற்றத்தில் ஆரவாரம் செய்த பிள்ளைகள் தலை குனிந்திருந்தனர்.

விளக்கைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று வாசகர் எதிர்பார்க்கலாம். அப்படிச் செய்யவில்லை, மலையில் விளக்கில்லாமல் முடியாது. ஆனால் அதை ஏற்றினால் மிகத் தாழ்ந்த ஒளியில் தொடங்குமாறு அமைத்திருக்கிறேன். பாதத்திற்கு முன் நாலடி தெரிய அது போதும். மின்கலமும் பல இரவுகள் உழைக்கும். எதிரில் அசைவு கண்டால் முதலில் குரல் கொடுக்கிறேன். யானையின் முகத்தில் ஒளியடித்தால் அது சினங்கொள்ளும், விலகிப் போகாது என்பது வனக்காவலர் எச்சரிக்கை. பையில் வைக்கும்போது பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிடுகிறேன். தானாக எரிந்து துணியைச் சுடும் இடர் அதனால் நீங்குகிறது. மின்கலம் நசுங்கினாலோ உறை கிழிந்தாலோ உடனே விலக்கிவிட வேண்டும். பாட்டனாரைப் போல் வெயிலில் வைப்பது இதற்கு ஆகவே ஆகாது, லித்தியம் தீப்பற்றும்.

உபதேசியார் ஆறு மாதத்தில் கோலூன்றி எழுந்தார். கிறிஸ்துமஸ் பரிசாகச் சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்றைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல எத்தனை லூமென் சாமி?” என்று கேட்டார். என்னைச் சீண்டுகிறார் என்பது சற்றுக் கழித்தே எனக்கு விளங்கிற்று.

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, மின்சாரம் போய் இரண்டு நாளாகியிருந்தது. பங்கு இல்லத்து வாசலில் நின்று கீழே பார்த்தேன். படிகளில் தட்டளவு மஞ்சள் வட்டம் ஒன்று ஏறி வந்தது. அதற்குள் ஒரு கோலின் நுனியும் இரண்டு பாதங்களும் மட்டும் மாறி மாறித் தெரிந்தன. வேறொன்றும் தெரியவில்லை. என் விளக்கை அணைத்துவிட்டு, அவர் மேலேறி வரும்வரை அங்கேயே நின்றேன்.