திமிங்கிலம் பாடிய இசைத்தட்டு

முப்பத்திரண்டு வருஷம் விலங்கியல் பாடம் எடுத்தவன் நான். திமிங்கிலம் மீன் அல்ல, பாலூட்டி. பரீட்சையில் இரண்டு மார்க். அத்தோடு சரி. அது பாடும் என்று வகுப்பில் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

போன வாரம் பேத்தி கைபேசியில் ஒரு பழைய பதிவைப் போட்டாள். கூன்முதுகுத் திமிங்கிலங்களின் குரல். 1970-இல் வந்த இசைத்தட்டு. கொண்டுவந்தவர் ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க உயிரியலாளர். மனுஷன் செலோ வாசிப்பவர், காது சும்மா இருக்குமா? அந்தக் குரல்கள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, அது பாட்டேதான் என்று ஸ்காட் மெக்வேயுடன் சேர்ந்து 1971-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்.

கட்டுரையை எத்தனை பேர் படிப்பார்கள்! அவர் அந்தப் பதிவைப் பாடகர்களிடமும் கொண்டுபோனார். ஜூடி காலின்ஸ் திமிங்கிலக் குரலையே பக்கவாத்தியமாக வைத்துப் பாடினார். என்ன பாட்டு தெரியுமா? திமிங்கில வேட்டைக்குக் கப்பலேறுகிறவன், ஊரிடம் விடைபெறும் பழைய ஸ்காட்லாந்துப் பாட்டு! கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஜனங்கள் மனம் மாற இந்தப் பாட்டுகளும் ஒரு காரணம். வியாபார வேட்டையை நிறுத்தச் சர்வதேசத் திமிங்கில ஆணையம் 1982-இல் முடிவெடுத்தது.

“இதை ஏன் தாத்தா நீங்க சொல்லித்தரலை?” என்றாள் பேத்தி. சிலபஸில் இல்லை என்றேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. என்னிடம் படித்ததில் பாதிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள்.

அவர்களில் ஒருவன் இப்போது விசைப்படகு வைத்திருக்கிறான். அவனுக்கு வாட்ஸ்அப்பில் பதிவை மட்டும் அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: “சார், இது யாரு பாடுறது?”