பதுங்கிப் பாயப் போனோம்... பால் கொட்டிச்சு!

விடியக்காலை நாலு மணிக்கு நீங்க என்ன பண்ணிட்டிருப்பீங்க? நல்ல பிள்ளைன்னா தூங்கிட்டு இருப்பீங்க. செமஸ்டர் டைம்னா அஞ்சாவது யூனிட்டை விடலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருப்பீங்க. நான் போன டிசம்பர்ல ஒரு நாள் அந்த நேரத்துல, குன்னூர் பக்கம் ஒரு மலைச்சரிவுல, தேயிலைச் செடிக்கு அடியில குப்புறப் படுத்துக் கிடந்தேன். மூக்கு இருக்கா இல்லையான்னே தெரியாத குளிர். மணிக்கட்டுல ஒரு கயிறு. கயிறோட மறுமுனை நாற்பதடி தள்ளி இன்னொருத்தன் கையில.

பயப்படாதீங்க, யாரும் என்னைக் கட்டிப் போடலை. என்.சி.சி. கேம்ப். அன்னிக்கு எங்களுக்கு ஆம்புஷ், அதாவது பதுங்கித் தாக்கும் பயிற்சி. பத்து பேர் கொண்ட எங்க செக்‌ஷனுக்கு கமாண்டர்... சாட்சாத் அடியேன்தான்!

ஊர்ல இருந்து ஆரம்பிக்கலாமா?

நீங்க இந்தப் பக்கம் வந்தா, தயவுசெய்து பஸ்ல வராதீங்க. மேட்டுப்பாளையத்துல காலையில மலை ரயிலைப் பிடிங்க. ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர்தான். ஆனா கல்லார் தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல ஒரு பல் சக்கரப் பாதை ஆரம்பிக்கும் பாருங்க... மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. கியர் வீல்னு போர்டுல வரைஞ்சு வரைஞ்சு வெறுத்துப் போனது, இங்கே ஒரு ரயிலையே தள்ளிட்டு மலை ஏறுது! 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமா அறிவிச்ச ரயில் இது.

குன்னூருக்கு அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன். பழைய பேர் ஜாக்கதல்லா. மெட்ராஸ் ரெஜிமென்ட்டோட மையம் இங்கேதான். 1758-ல் ஆரம்பிச்ச ரெஜிமென்ட், இந்திய ராணுவத்துல ரொம்பப் பழைய காலாட்படை. பக்கத்துலயே முப்படை அதிகாரிகளும் படிக்கிற பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி. ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா ரிட்டயர் ஆனதும் குடியேறினது குன்னூர்லதான். 2008-ல் உயிர் பிரிஞ்சது வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில. இங்கே டீக்கடையில பக்கத்துல உட்கார்ந்து வர்க்கி கடிக்கிற தாத்தா ஒரு காலத்துல ஹவில்தாரா இருந்திருக்கலாம். அதனால பெஞ்சுல ஒழுங்கா உட்காருங்க!

மணல்ல ஒரு மலை

ஆம்புஷ்னா சினிமாவுல பார்க்கிற மாதிரி புதர்ல இருந்து 'ஏய்ய்ய்'னு கத்திட்டு ஓடுறதுன்னுதான் நானும் நினைச்சேன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த சுபேதார் சார் முதல் நாளே அதுல மண்ணைப் போட்டார். நிஜமாவே மண்ணைத்தான் போட்டார். தரையில மண்ணைக் குவிச்சு, நாங்க போகப்போற சரிவை அப்படியே செய்யச் சொன்னார். இதுக்கு சாண்ட் மாடல்னு பேர். பச்சைக் கோலப்பொடி தேயிலை. நீல உல்லன் நூல் ஓடை. தீப்பெட்டி வீடு. ஒரு சணல் கயிறு, அந்த ஒத்தையடிப் பாதை.

அதைச் சுத்தி உட்கார வெச்சு, கமாண்டர் ஆர்டர் சொல்லணும். அதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல தகவல்: நிலம் எப்படி, எதிரி யாரு. அடுத்து நோக்கம். அதை மட்டும் ரெண்டு தடவை சொல்லணும். எவனாவது தூங்கி வழிஞ்சாலும் ரெண்டாவது தடவையாவது காதுல விழணுமாம்! அப்புறம் யார் யாருக்கு என்ன வேலை, சாப்பாடு தண்ணி ஏற்பாடு, கடைசியா சிக்னல். நம்ம புராஜெக்ட் வைவாவுக்கு இந்த வரிசையில பேசிப் பாருங்க, எக்ஸ்டர்னல் அசந்துடுவார்.

என் பிளான் இதுதான். பாதையோட இடது கோடியில ரெண்டு பேர், வலது கோடியில ரெண்டு பேர். யார் வந்தாலும் முதல்ல பார்க்கிறது இவங்க. நடுவுல அஞ்சு பேர் மெயின் குரூப். அவங்களோட நான். மொத்தம் பத்து. எல்லார் கையிலயும் சுடாத டிரில் ரைஃபிள். கயிறை ஒரு தடவை இழுத்தா 'ஆள் வருது'. ரெண்டு தடவை இழுத்தா 'போயாச்சு'. நான் விசில் ஊதினா மட்டும்தான் டார்ச் அடிச்சு 'ஹேண்ட்ஸ் அப்'. கமாண்டரைத் தவிர வேற யாரும் ஆரம்பிக்கக் கூடாது. அது சட்டம்.

எதிரி? வேற காலேஜ் பசங்க பத்து பேர். அதுல ஒருத்தன் கேம்ப்ல என் பக்கத்துக் கட்டில்காரன். என் பிஸ்கட்டைத் திருடுற எதிரி, டபுள் எதிரி!

சுபேதார் சார் எல்லாத்தையும் கேட்டுட்டு, சணல் கயிறு மேல பிரம்பை வெச்சார். "நல்லாருக்கு தம்பி. இந்தப் பாதையில யார் யார் நடப்பாங்க?"

"எதிரி பேட்ரோல் சார். அஞ்சரை மணிக்குள்ள."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்!"

அவர் ஒண்ணும் சொல்லலை. பிரம்பை எடுத்துட்டுப் போயிட்டார். ஃப்ரெண்ட்ஸ், வாத்தியார் பதில் சொல்லாமப் போனா அது பாஸ் மார்க் இல்லை. இதை நான் அப்போ புரிஞ்சுக்கலை.

இருட்டு ஒரு டீச்சர்

மூணு மணிக்கு இடத்துக்குப் போய்ப் படுத்துட்டோம். இருட்டுக்குக் கண்ணு முழுசா பழக அரை மணி நேரம் ஆகும். ஒரே ஒரு தடவை செல்போன் திரையைப் பார்த்தா போதும், அத்தனையும் போச்சு, மறுபடி முதல்ல இருந்து. இன்னொரு விஷயம், இருட்டுல ஒரு பொருளை நேரா முறைச்சுப் பார்த்தா மறைஞ்சுடும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தாத்தான் தெரியும். விழித்திரையோட நட்டநடுவுல மங்கின வெளிச்சத்தை உணர்ற செல்கள் இல்லாததுதான் காரணம். பிளஸ் டூ பயாலஜியில படிச்சது. அன்னிக்குத்தான் நம்பினேன்.

நாலு மணிக்கு இடது கயிறு ஒரு தடவை ஆடுச்சு. இதயம் தொண்டைக்கு வந்துடுச்சு. பாதையில ஏதோ பெருசா வருது. மூச்சு விடுற சத்தம். ஈர மாட்டுத் தொழுவ வாசனை. காட்டெருமை! குன்னூர்ல இது சகஜம், ரோட்டுலயே நடக்கும். ஆனா பதினைஞ்சு அடி தூரத்துல, நாம தரையில கிடக்கும்போது பார்த்தா, அது எருமை இல்லைங்க, நடக்குற லாரி! பத்து பேரும் பிள்ளையாரை வேண்டிக்கிட்டு கல்லா கிடந்தோம். அது ஒரு வாய் புல்லு தின்னுட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு. கயிறு ரெண்டு தடவை ஆடுச்சு. 'போயாச்சு.'

புலி பதுங்குறது பாயறதுக்குத்தான்னு சும்மா சொல்லிடுறோம். பதுங்குறது எவ்வளவு கஷ்டம்னு புலியைக் கேட்டாத்தான் தெரியும். கால் மரத்துப் போச்சு. இருமல் வந்துச்சு, சட்டைக் காலரைக் கடிச்சு அடக்கினேன். 'வாடா, வாடா'ன்னு மனசு எதிரியைக் கெஞ்ச ஆரம்பிச்சுடுச்சு. அங்கேதான் ஆபத்து.

அஞ்சு மணி சுமார். இடது கயிறு ஒரு தடவை. பனியில ஒரு உருவம். தோள்ல நீளமா ஏதோ. ரைஃபிள்! வேற என்ன? முதல் ஆள் வந்துட்டான், மத்தவங்க பின்னாடி வர்றாங்க...

விசிலை ஊதிட்டேன்.

ஆறு டார்ச் ஒண்ணா அடிச்சது. ஆறு தொண்டை ஒண்ணா கத்துச்சு. 'டணார்'னு ஒரு சத்தம்.

வெளிச்சத்துல நின்னது ஒரு பெரியவர். காதை மூடின கம்பளித் தொப்பி, சால்வை. தோள்ல இருந்தது ஒரு கம்பு. அதுல ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்கிட்டு வந்திருக்கு. இப்போ ரெண்டும் கீழே. பால் செம்மண்ணுல ஓடி, எங்க முழங்கை வரைக்கும் சூடா வந்துச்சு.

அவர் ரெண்டு கையையும் தூக்கி நின்னார், ஃப்ரெண்ட்ஸ். நாங்க சொன்ன மாதிரியே. கை நடுங்குச்சு. அதை என்னால மறக்க முடியலை.

ஓடிப்போய் உட்கார வெச்சோம். தண்ணி குடிச்சுட்டு மெதுவா சொன்னார். "காட்டெருமைன்னு நெனச்சேன் தம்பிகளா, பயமில்லை. மனுசங்கன்னு தெரிஞ்சதும்தான் பயம் வந்துச்சு."

எதிரி டீம்? என் விசில் சத்தம் கேட்டு மேல் சரிவால சுத்தி வந்து, எங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு 'ஹேண்ட்ஸ் அப்' சொன்னாங்க. தோத்தோம். யாருக்கும் அது உறைக்கவே இல்லை.

ரெண்டு டிசம்பர்

திட்டு விழும்னு காத்திருந்தேன். சுபேதார் சார் திட்டலை. பாலுக்கு நாங்க பத்து பேரும் பணம் சேர்த்து, பெரியவர் வீட்டுக்கே போய்க் கொடுக்க வெச்சார். அவர் பால் காசு மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே டீயும் கொடுத்தார். அந்த டீ தொண்டையில இறங்கலை.

திரும்பி வரும்போது சார் கேட்டார். "உன் கையில இருந்தது டிரில் ரைஃபிள். அது நிஜ ரைஃபிளா இருந்தா?"

பதில் தெரியும் எனக்கு. உங்களுக்கும் தெரியும். 2021 டிசம்பர் 4. நாகாலாந்து, மோன் மாவட்டம், ஓட்டிங் கிராமம். சுரங்க வேலை முடிஞ்சு பிக்கப் வண்டியில வீட்டுக்குத் திரும்பின தொழிலாளர்களைத் தீவிரவாதிகள்னு நினைச்சு, ராணுவச் சிறப்புப் படை பதுங்கியிருந்து சுட்டுச்சு. ஆறு பேர் இறந்தாங்க. அந்தக் கோபத்துல வெடிச்ச மோதல்ல அன்னிக்கும் மறுநாளும் இன்னும் பல கிராமத்து ஆட்களும் ஒரு வீரரும் செத்தாங்க. மாநில போலீஸ் 30 ராணுவத்தினர் மேல குற்றப்பத்திரிகை போட்டுச்சு. விசாரிக்க மத்திய அரசு 2023-ல் அனுமதி தரலை.

அதுக்கு நாலு நாள் கழிச்சு, டிசம்பர் 8. இதே மலையில, வெலிங்டனுக்கு வந்துட்டிருந்த முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தோட ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரத்துல விழுந்துச்சு. ராணுவம் வர்றதுக்கு முன்னாடி தண்ணிக் குடத்தோடயும் கம்பளியோடயும் ஓடினது பக்கத்து வீட்டு ஜனங்க.

ஒரே வாரம். ஒரு பக்கம் பாதையில வர்றது யாருன்னு கேட்காத துப்பாக்கி. இன்னொரு பக்கம் விழுந்தது யாருன்னு கேட்காம ஓடின ஜனங்க. இதை நான் டைரியில எழுதி வெச்சேன். இன்னும் அதுல இருந்து வெளிய வர முடியலை.

ரெண்டாவது இரவு

கேம்ப்போட கடைசிக்கு முந்தின நாள், அதே சரிவு, அதே பாதை, மறுபடி ஆம்புஷ். "நானே கமாண்டரா இருக்கட்டுமா சார்?"னு கேட்டேன். தலையாட்டினார்.

இந்தத் தடவை முந்தின நாள் விடியக்காலையிலயும் சாயங்காலமும் அந்தப் பாதை ஓரம் போய் உட்கார்ந்து, நோட்டுல எழுதினேன். பால்காரப் பெரியவர், அஞ்சு மணி. கொழுந்து பறிக்கப் போற அக்காங்க, ஏழு மணிக்கு முன்னாடி. விறகுக் கட்டோட ஒரு பாட்டி, நேரம் இல்லாம. ஸ்கூல் பசங்க நாலு பேர். கயிறு பாஷையையும் மாத்தினோம். ஒரு தடவை இழுத்தா எதிரி. மூணு தடவை இழுத்தா 'நம்ம ஜனம், மூச்சு விடாதே'. சந்தேகமா? அதுவும் மூணுதான்.

அஞ்சு மணிக்கு இடது கயிறு ஆடுச்சு. ஒண்ணு... ரெண்டு... மூணு.

பெரியவர் வந்தார். தோள்ல கம்பு, ரெண்டு கேன். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கிட்டே, என் கையில இருந்து நாலடி தள்ளி நடந்து போனார். பத்து பேர் படுத்திருக்கோம், அவருக்குத் தெரியவே தெரியாது. கேன் மூடி மட்டும் 'டிக், டிக்'னு ஆடுச்சு. அந்தச் சத்தம் வளைவு தாண்டி மறையற வரைக்கும் நாங்க யாரும் அசையலை.

அரை மணி கழிச்சு எதிரி டீம் வந்துச்சு, மாட்டுச்சு, பிஸ்கட் திருடனும் மாட்டினான். ஜெயிச்சோம். ஆனா காலேஜுக்குத் திரும்பி வந்து நண்பர்கள்கிட்ட நான் சொல்றது அதை இல்லை. அந்த 'டிக், டிக்'கைத்தான்.

நீங்களும் வர்றீங்களா?

காலேஜ்ல என்.சி.சி. இருந்தா முதல் வருஷமே சேர்ந்துடுங்க. மூணாவது வருஷம் சி சர்டிஃபிகேட் எழுதலாம். அதுல பி கிரேடாவது வாங்கி, டிகிரியில 50 சதவிகிதம் இருந்தா, எழுத்துத் தேர்வு இல்லாம நேரா எஸ்.எஸ்.பி. இன்டர்வியூவுக்குப் போற ஸ்பெஷல் என்ட்ரி இருக்கு. செலக்ட் ஆனா பயிற்சி நம்ம பரங்கிமலை அகாடமியிலயும் நடக்கும்.

ராணுவம் வேண்டாமா? பரவாயில்லை, மலை ரயிலுக்காவது வாங்க. ஸ்வெட்டர் முக்கியம். விடியக்காலையில ஒத்தையடிப் பாதையில நடக்கும்போது பால் கேனோட ஒரு பெரியவர் எதிர்ல வந்தா, ஓரமா ஒதுங்கி வழி விடுங்க. ஒரு வணக்கமும் சொல்லுங்க, என் சார்பா!